அக்காவின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல ஏன் இத்தனை மாதம்?

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கொவிட் காலத்தில் சிங்கப்பூரில் தடுப்பூசி போட மறுத்த முதியவர்களைப் பற்றி அண்மையில் இரண்டு வாசகர் கடிதங்கள் வந்திருந்தன. அது வெறும் பிடிவாதம், அடுத்த முறை எடுத்த எடுப்பிலேயே கட்டாயமாக்கிவிட வேண்டும் என்கிறார் ஒருவர். மறுத்தவர்கள்தான் விவரமானவர்கள் என்கிறார் மற்றவர். இரண்டையும் படித்தபோது என் அக்காவின் முகம்தான் கண்முன் வந்தது. அதனால் எழுதுகிறேன்.

அக்கா தோ பாயோவில் மூவறை வீட்டில் இருக்கிறார். 2021-ல் அவருக்கு 72 வயது. சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. முதியவர்களுக்கு அழைப்புக் கடிதம் வந்தபோது அவருக்கும் வந்தது. அதை நான்காக மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். நான் கேட்டால், "பார்க்கலாம்" என்பார். மாதக்கணக்கில் அந்த ஒரு சொல்தான்.

அவர் பயந்ததற்குக் காரணம் இருந்தது. ஒருமுறை இறால் சாப்பிட்டு முகம் வீங்கி, மூச்சு முட்டி, ஆம்புலன்சில் போனவர் அவர். அப்படிக் கடும் ஒவ்வாமை வந்தவர்களுக்கு ஃபைசர், மொடர்னா ஊசி வேண்டாம் என்றுதான் தொடக்கத்தில் சொன்னார்கள். சில மாதங்களில் அதைத் தளர்த்தினார்கள். "முதல்ல கூடாதுன்னாங்க, இப்ப கூடும்ங்கிறாங்க. எதை நம்புறது?" என்று அக்கா கேட்டார். நியாயமான கேள்விதானே? அதற்குள் உலகம் முழுவதும் கோடிக்கணக்கானோர் போட்டுக்கொண்டார்கள், அந்த அனுபவத்தை வைத்துத்தான் விதியை மாற்றினார்கள் என்று அன்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. எனக்கும் விளக்கத் தெரியவில்லை.

இதற்கிடையில் அந்த ஏப்ரலில் நடிகர் விவேக் காலமானார். சென்னையில் 15ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டார், 17ஆம் தேதி அதிகாலை மாரடைப்பில் போய்விட்டார். மரணத்துக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மருத்துவர்கள் அன்றே சொன்னார்கள். பிறகு இந்திய அரசின் நிபுணர் குழுவும் அதையே சொன்னது. ஆனால் அவர் போட்டது இந்தியத் தயாரிப்பான கோவேக்சின், இங்கே நமக்குப் போடுவது வேறு வகை என்பதுகூட எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் யாருக்கும் தெரியாது. ஊரிலிருந்து வந்த குரல்பதிவை அக்கா இரவில் காதோடு வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்டார். அதற்கு மேல் யார் பேச்சும் எடுபடவில்லை.

வீட்டுக்கு இரண்டு தொண்டூழியர்கள் வந்தார்கள். பொறுமையான, நல்ல பிள்ளைகள். ஆனால் ஆங்கிலமும் சீனமும்தான் பேசினார்கள். அக்கா சிரித்தார், தலையாட்டினார், கையேட்டை வாங்கிக்கொண்டார், கதவைச் சாத்தினார். அக்கா மகன் வந்து கத்தினான். கத்தி ஒருவரை ஊசி போட வைக்க முடியாது என்று அன்று பார்த்தேன்.

2021 அக்டோபர் 13 முதல், தடுப்பூசி போடாதவர்கள் உணவங்காடி நிலையத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது, கடைத்தொகுதிக்குள் போக முடியாது என்றானது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு தேக்காவில் தோசை சாப்பிடுவது எங்கள் இருவருக்கும் பல வருடப் பழக்கம். அந்த ஞாயிறு பொட்டலமாக வாங்கி வந்து, அவருடைய புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் மேசையில் உட்கார்ந்தோம். காகிதத்தைப் பிரித்தால் தோசை ஈரம் கோத்து ஒட்டிக்கொண்டிருந்தது. சாம்பார் பையின் முடிச்சை அவிழ்க்க அக்காவுக்கு விரல் வரவில்லை. "நான் என்னடி தப்பு பண்ணேன்?" என்று கேட்டார். அந்த விதி தேவையில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மருத்துவமனைகள் நிரம்பிக்கொண்டிருந்த மாதம் அது. சில நாள்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். தடுப்பூசி போடாதவர்கள் மக்கள்தொகையில் சிறு பகுதி, இறந்தவர்களிலோ அவர்கள் பங்கு மிகப் பெரியது. அக்காவின் புளோக்கிலேயே தினமும் காலையில் கீழே உட்கார்ந்து பேப்பர் படிக்கும் ஒரு பெரியவர் அந்த மாதம் போனார். அவரும் போடாதவர். ஆனாலும் அக்காவின் கேள்வி இன்னும் என்னைக் குடைகிறது. தண்டனை போல ஒன்று வந்து சேர்ந்தது, விளக்கம் மட்டும் வரவேயில்லை.

கடைசியில் விளக்கியது பக்கத்து புளோக்கில் இருக்கும் கிளினிக் டாக்டர். தமிழர். அக்கா சர்க்கரை மாத்திரை வாங்கப் போயிருந்தார். ஊசி போட்டீர்களா என்று அவர் கேட்கவில்லை. "எதுக்கும்மா பயப்படுறீங்க?" என்று கேட்டார். அக்கா எல்லாவற்றையும் கொட்டினார். இறால், விவேக், நான்தான் வெளியே போவதில்லையே என்பது, எல்லாம். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டார். ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், அதற்காகத்தான் முப்பது நிமிடம் உட்கார வைக்கிறார்கள், மருந்து கையிலேயே இருக்கும் என்றார். ஊசிக்குப் பிறகு இதயத்தசை வீக்கம் வருவது உண்மை, ஆனால் அரிது, பெரும்பாலும் இளைஞர்களுக்கு, அதுவும் இரண்டாவது ஊசிக்குப் பிறகு என்றார். நீங்கள் வெளியே போகாவிட்டாலும் பேரன் பள்ளிக்கூடம் போய்விட்டு உங்களிடம்தானே வருகிறான் என்றார். ஊசி போட்டாலும் கொவிட் வரலாம், உயிருக்கு ஆபத்தாகும் வாய்ப்புதான் வெகுவாகக் குறையும் என்பதையும் மறைக்கவில்லை.

அப்புறம் ரத்த அழுத்தம் பார்க்க அக்கா சட்டைக் கையை மடித்தபோது, மேல் கையில் வட்டமாக, உள்வாங்கிய அம்மைத் தடுப்பூசித் தழும்பு தெரிந்தது. எங்கள் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த காலத்தில் குத்தியது. "இது எப்பம்மா?" என்றார் டாக்டர். "அப்பா தூக்கிட்டுப் போனாரு. வாசல்ல வேப்பிலையும் கட்டியிருந்துச்சு" என்றார் அக்கா. அந்தத் தழும்பைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். மறுவாரம் நான்தான் சமூக மன்றத்துக்குக் கூட்டிப்போனேன்.

எனக்குத் தெரியாத வயதில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். 1958-ல் இங்கே போலியோ பரவியபோது ஏறக்குறைய 2 லட்சம் பிள்ளைகளுக்கு டாக்டர் சேபின் கண்டுபிடித்த தடுப்பு மருந்தை வாயில் ஊற்றினார்கள். அது உலகத்துக்கே புதிது. நம் பெற்றோரும் பயந்திருப்பார்கள், ஆனாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கட்டாயமாக்கச் சொல்லும் தரப்புக்கும் ஒன்று. ஊசியால் ஒன்றுமே ஆகாது என்று அடித்துப் பேசியவர்கள் நல்லது செய்யவில்லை. என் பழைய சக ஊழியரின் மகன் இரண்டாவது ஊசிக்குப் பிறகு நெஞ்சுவலியோடு நான்கு நாள் மருத்துவமனையில் இருந்தான். குணமாகிவிட்டான். ஆனால் "எல்லாம் மனப்பிரமை" என்று உறவினர் சொன்னதை அவன் அம்மா இன்றுவரை மறக்கவில்லை. முதல் ஊசிக்குப் பிறகு பளு தூக்கியபோது இதயம் நின்றுபோன 16 வயதுப் பையனுக்கு அரசாங்கம் 2,25,000 வெள்ளி நிதியுதவி கொடுத்தது, அதைப் பகிரங்கமாகவும் அறிவித்தது. அதைக் கேட்டபோது என் நம்பிக்கை கூடியதே தவிர குறையவில்லை.

அக்காவுக்கு 2022 தொடக்கத்தில் கொவிட் வந்தது. ஐந்து நாள் காய்ச்சல், இருமல், ரசம் சாதம். வீட்டிலேயே தேறினார். ஊசி போடாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. கீழ்த்தளத்துப் பெரியவரை நினைத்துக்கொள்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு நோய் வரும்போது, முதல் மாதத்திலேயே தமிழ் பேசும் தாதியரும் மருத்துவரும் முதியவர்கள் வீட்டில் உட்கார்ந்து பேச ஏற்பாடு வேண்டும். பக்கவிளைவுகளையும் அவர்களே முதலில் சொல்ல வேண்டும், வாட்ஸ்அப் சொல்லும்வரை காத்திருக்கக் கூடாது. நோய் வரும்வரை நம் நாளிதழும் காத்திருக்க வேண்டியதில்லை. நோய் வருமுன் உடல்நலம் பேணும் அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி திட்டத்தில் சேர்ந்த குடிமக்களுக்குச் சளிக்காய்ச்சல் தடுப்பூசி போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனாலும் போடலாமா கூடாதா என்று கேட்க ஆளில்லாமல் இருக்கும் முதியவர்கள் நிறைய. மாதம் ஒருமுறையாவது அவர்கள் கேள்விகளுக்கு மருத்துவர் ஒருவர் பதில் சொல்லும் பகுதியைத் தொடங்குங்கள். முதல் கேள்வியை அக்கா இப்போதே கொடுத்திருக்கிறார்: இறால் ஆகாதவர்கள் சளிக்காய்ச்சல் ஊசியும் நிமோனியா ஊசியும் ஒரே நாளில் போட்டுக்கொள்ளலாமா?

இப்படிக்கு,
ஈசூன் வாசகி