பிள்ளை பெற்று வீடு வந்த தாய்க்கு முதல் பத்து நாளும் ஆள் வேண்டும்: யாழ். மாவட்டத் தாய்ப்பால் ஆதரவுக் கூட்டணி அமைக்கக் கோரும் மனு

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
சுகாதார சேவைகள்,
யாழ்ப்பாணம்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் பக்கத்துத் தாய்மார் சேர்ந்து எழுதும் மனு இது. இதே விடயத்தை முன்னரும் எழுதித் தபாலில் அனுப்பினோம், பிறகு கையிலும் கொண்டுவந்து தந்தோம், பதில் கிடைக்கவில்லை. உங்களுக்கு வேலை அதிகம் என்று தெரியும். ஆனாலும் இந்த முறை விபரமாக எழுதுகிறோம், தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள்.

எங்கள் இடம் உங்களுக்குத் தெரியாததல்ல. பருத்தித்துறை வீதியில் பஸ் ஓடுகிறது, சரி. வீதியை விட்டு உள்ளே இறங்கினால் தோட்டமும் ஒழுங்கையும்தான். பச்சை உடம்புக்காரி கைக்குழந்தையோடு அந்த ஒழுங்கையால் நடந்து வந்து பஸ் ஏறி கிளினிக்குக்குப் போக முடியாது.

1. எங்களுக்கு மிகவும் நோகிற விடயம் இதுதான். சுகப்பிரசவம் என்றால் ஆசுப்பத்திரியில் ஓரிரு நாளில் துண்டு வெட்டி அனுப்பிவிடுகிறார்கள். பால் நன்றாக இறங்குவதோ இரண்டாம் நாளுக்கும் நாலாம் நாளுக்கும் இடையில், அதாவது தாய் வீட்டுக்கு வந்த பிறகு. மார்பு கட்டி இறுகிவிடும், காம்பு வெடித்திருக்கும், பிள்ளை பிடிக்கத் தெரியாமல் இரவிரவாகக் கத்தும். வீட்டில் மாமி சரக்கு அரைத்துக் கறி வைத்திருப்பா, பால்சுறா தேடி வாங்கி வறை வறுத்திருப்பா, உள்ளி, முருங்கையிலை எல்லாம் இருக்கும். சாப்பாட்டில் குறையே இல்லை ஐயா. இல்லாதது, பிள்ளையை எப்படி அணைத்துப் பிடிப்பது, வாயை நன்றாகத் திறக்கவிட்டுக் காம்போடு கறுத்த பகுதியையும் சேர்த்து எப்படி உள்ளே கொடுப்பது, இறுகின மார்பைக் கையால் கொஞ்சம் பீய்ச்சி எப்படி இளக்குவது என்று பக்கத்தில் இருந்து காட்டித்தர ஒரு ஆள். பெரும்பாலும் அரை மணித்தியால வேலை. அந்த அரை மணித்தியாலம் கிடைக்காததால் விடிய முதல் வேலையாகக் கணவன் பார்மசிக்கு ஓடிப் பால்மாப் பெட்டியோடு வருகிறான். போத்தல் பழகினால் பிள்ளை மார்பில் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் பால் சுரப்பதும் குறையும், அப்புறம் "இவளுக்குப் பால் காணாது" என்று ஊரே சொல்ல, அந்தத் தாயும் அதை நம்பிவிடுகிறாள். காணாத பால் இல்லை ஐயா அது. சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் வற்றிப்போன பால்.

எங்கள் ஒழுங்கையில் தலைப்பிள்ளை பெற்ற ஒருத்திக்கு இப்படிக் கட்டின பால் காய்ச்சலில் தொடங்கிச் சீழ் வைத்து, கடைசியில் மார்பில் வெட்ட வேண்டி வந்தது. கணவன் கொழும்பில் வேலை, தாய் உயிரோடு இல்லை. அந்த வீட்டுக்கு ஐந்தாம் நாள் ஒருவர் போயிருந்தால் இது நடந்திருக்காது என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம்.

2. பிரசவமாகி முதல் பத்து நாளுக்குள் குடும்ப நல உத்தியோகத்தர் (மிட்வைஃப்) இரண்டு தரம் வீட்டுக்கு வர வேண்டும் என்பது உங்கள் ஒழுங்குதான். எங்கள் பகுதிக்கான இடம் வெற்றிடமாகக் கிடக்கிறது. பக்கத்துப் பகுதி மிட்வைஃப் தன் பகுதியையும் பார்த்து எங்களையும் பார்க்கிறா. அவவை நாங்கள் ஒரு சொல்லும் குறை சொல்லமாட்டோம், மழையிலும் ஸ்கூட்டியில் வந்து போகிறவ. ஒரு மனுசி எத்தனை வீட்டுக்கு ஏறி இறங்குவது?

3. தண்ணீர் விடயம். பால்மா கரைப்பதும் கிணற்றுத் தண்ணீரில்தான். செம்மண் தோட்டக் கிணறுகளில் உரத்தால் நைத்திரேற்று என்ற, கைக்குழந்தைக்குக் கூடாத உப்பு கூடியிருப்பது பல காலமாகப் பேசப்படுகிறது, எங்கள் நிலமெல்லாம் சுண்ணக்கல், மேலே போடுவது கீழே இறங்கும். உலக சுகாதார நிறுவனம் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்ததே போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை மனதில் வைத்துத்தான். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். தாய் அந்தத் தண்ணீரைக் குடித்தாலும் தாய்ப்பாலில் அது அவ்வளவாகச் சேர்வதில்லை. வேறு எந்த ஊரிலும் பார்க்க எங்கள் ஊரில் தாய்ப்பால் முக்கியம் என்பதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? மருத்துவக் காரணத்தால் பால்மா கொடுக்க வேண்டி வந்த தாயை நாங்கள் குறை சொல்லவில்லை. தேவையே இல்லாமல் அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறவர்களைப் பற்றித்தான் சொல்கிறோம்.

4. பால்மா விளம்பரத்தைக் கட்டுப்படுத்தும் விதிக்கோவை இந்த நாட்டில் 1983 முதல் இருக்கிறது. அதைக் கடைக்காரருக்கு யார் விளங்கப்படுத்துகிறார்கள்?

5. வேலைக்குப் போகும் தாய்மார். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. கேட்டால் முதலாளி முகத்தைப் பார்க்கிறார், கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்களும் குறைவு.

2016 ஆம் ஆண்டு ஆய்வில் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைகளில் 82 வீதம் பேருக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கப்படுவதாக வந்தது. நாட்டுக்குப் பெருமைதான். அந்தக் கணக்கைக் காட்டி இங்கே பிரச்சினை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மீதிப் பேர் எங்கள் வீடுகளில் இருக்கிறார்கள். ஆவணி பிறக்க முன்னமே, ஓகஸ்ட் முதல் வாரம், தாய்ப்பால் வாரம் என்று பதாகை கட்டுகிறார்கள், கூட்டம் வைக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள். மார்கழி மழையில் பிள்ளை பெற்றவளுக்கு அந்தப் பதாகை என்ன செய்யும்?

நாங்கள் கேட்பது பெரிய செலவில்லை. ஆளாளுக்குத் தனித்தனியாகச் செய்வதை ஒரு மேசைக்குக் கொண்டுவாருங்கள். மகப்பேற்று விடுதிகள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள், மருத்துவ பீடம், பிரதேச செயலகங்கள், பிரதேச சபைகள், தொழில் திணைக்களம், மருந்துக்கடைக்காரர், மாதர் சங்கங்கள் எல்லாம் சேர்ந்த ஒரு தாய்ப்பால் ஆதரவுக் கூட்டணி பதினைந்து பிரதேச செயலகப் பிரிவுக்கும் வேண்டும். துண்டு வெட்டின அன்றே அந்தத் தாயின் விபரம் அவள் ஊருக்கு வந்து சேர வேண்டும். இரவிலும் எடுக்கிற ஒரு தொலைபேசி இலக்கம் வேண்டும். ஒவ்வொரு கிராமத்திலும் பால் கொடுத்து அனுபவப்பட்ட இரண்டு மூன்று தாய்மாரைத் தெரிந்து பயிற்சி கொடுங்கள், நாங்களே வீடு வீடாகப் போவோம். சம்பளம் கேட்கவில்லை. பயிற்சியும், வீட்டுப் படலையில் நின்று சொல்ல ஒரு அடையாள அட்டையும் போதும். வெற்றிடத்தையும் நிரப்புங்கள், இது அதற்குப் பதில் இல்லை.

ஐயா, எத்தனை தரம்தான் எழுதுவது? நாங்கள் எழுதிக்கொண்டிருக்கும்போதே பிள்ளைகள் பிறக்கின்றன, அந்தப் பத்து நாள் யாருக்காகவும் காத்திருக்காது. மீண்டும் தாழ்மையாகக் கேட்கிறோம், இந்தக் கூட்டணிக்கான முதல் கூட்டத்துக்கு ஒரு திகதி குறியுங்கள். எங்கள் தரப்பில் இருவரை அழையுங்கள், இடம் எங்கே என்றாலும் வருவோம், சனசமூக நிலையத்திலேயே வைக்கலாம் என்றால் கதிரையும் தேத்தண்ணியும் எங்கள் பொறுப்பு. முடியாது என்றால் ஏன் முடியாது என்பதை எழுத்தில் தாருங்கள்.

இங்ஙனம்,
நீர்வேலி, சிறுப்பிட்டி, புத்தூர், ஆவரங்கால் தாய்மார்
(கையொப்பங்கள் தனித்தாளில்)