தூசியையும் அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்னையின் காற்றுத் தரம் பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. மணலியில் இவ்வளவு, ஆலந்தூரில் இவ்வளவு, வேளச்சேரியில் இவ்வளவு என்று எண் போடுகிறீர்கள். நல்ல காரியம். ஆனால் அதெல்லாம் காற்றில் மிதப்பதற்கான கணக்கு. மிதந்தது தரைக்கு இறங்கிவிட்டால் அதற்கு அப்புறம் பேச்சே இல்லை. நான் வடசென்னையில் 27 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். தரையில் இறங்கிய அந்தத் தூசியில் உட்கார்ந்துதான் என் பிள்ளைகள் விளையாடினார்கள், சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அதனால் இந்தக் கடிதம்.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டிப் போகிற சாலையிலிருந்து இரண்டாவது சந்தில் எங்கள் மையம். காலையில் ஜன்னல் கட்டையை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுத்துவிடும். பிள்ளைகள் மதியம் சாப்பிட்டு எழுந்ததும் துடைத்தால் மறுபடியும் கறுக்கும். ஊர்ப்பக்கத்து மண் தூசி கையில் பட்டால் தட்டினால் போய்விடும். இது அப்படியில்லை. கரியை அரைத்து வைத்ததுபோல் இருக்கும். விரலில் தேய்த்தால் பிசுக்கென்று ஒட்டும். உள்சுவரில் எப்போதோ வரைந்த கிளி, மாம்பழம், ரயில் வண்டி. அந்த மஞ்சளும் சிவப்பும் செதில் செதிலாக உரிந்து கீழே விழும். ஆயா பெருக்கிப் பெருக்கி அலுத்துப்போவார். சந்து முனையில் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயத் தகடு எடுக்கிற கடை ஒன்று. யாருடைய கடை என்பது இங்கே முக்கியமில்லை. அதுபோல் வடசென்னையில் எத்தனையோ.

இந்தத் தூசியில் என்னென்ன சேருகிறது என்பதை நான் ஓய்வு பெற்ற பிறகுதான் தேடிப் படித்தேன். பிரேக் கட்டை தேயத் தேயச் செம்பும் ஆன்டிமணி என்ற உலோகமும் உதிர்கின்றன. டயர் தேய்ந்தால் துத்தநாகம். செம்புக்காகப் பழைய ஒயரை எரிக்கிறார்களே, அந்த உறையில் கலந்திருந்த ஈயம் புகையோடு எழும்பி அக்கம்பக்கத்திலேயே படிகிறது. அனல்மின் நிலையச் சாம்பலில் ஆர்சனிக், குரோமியம். போகிக்கு டயர் கொளுத்துவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை குப்பை மாதிரி மக்கி மண்ணாகிறவை அல்ல. பெட்ரோலில் ஈயம் கலப்பது நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு நின்றது. அதற்கு முன் பல பத்தாண்டுகள் புகைக்குழாய் வழியாக வந்து சாலையோர மண்ணில் படிந்த ஈயம் எங்கே போயிருக்கும்? மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டும்போதெல்லாம் அந்த மண் மேலே வந்து வெயிலில் காய்ந்து பறக்கிறது.

இந்த ஈயம் பெரியவர்களுக்கும் கெடுதல்தான், ரத்த அழுத்தம், சிறுநீரகம் என்று பட்டியல் நீளம். ஆனால் பிள்ளைகள் விஷயம் வேறு. இரண்டு வயசுப் பிள்ளை அடிக்கடி கையை வாயில் வைக்கும். வயிற்றுக்குள் போகும் ஈயத்தில் பெரியவர்கள் உடம்பு பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழுத்துக்கொள்கிறது என்றால், சின்னப் பிள்ளையின் உடம்பு பாதி வரை இழுத்துக்கொள்கிறது. சுண்ணாம்புச் சத்து என்று நம்பி எலும்பும் அதை வாங்கி வைத்துக்கொள்கிறது, பல வருஷங்களுக்கு. பெண் பிள்ளையாக இருந்தால், அவள் வளர்ந்து கர்ப்பம் தரிக்கும்போது அந்த எலும்பிலிருந்து கரைந்து வயிற்றுச் சிசுவுக்கும் போகிறது. மூளை வளர்கிற வயதில் ஈயம் செய்கிற சேதம் திரும்பச் சரியாவதில்லை.

ஒரு பையனை என்னால் மறக்க முடியவில்லை. அவன் அப்பா ஒரு பேட்டரிக் கடையில் வேலை செய்தார். சாயங்காலம் வேலை முடிந்து அப்படியே வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவார். அந்தச் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டே போவான். அவனுக்கு மண் தின்கிற பழக்கம். “எவ்வளவு அடிச்சாலும் கேக்க மாட்டேங்கிறான் டீச்சர்” என்று அம்மா அழுவாள். வெளிறிப்போயிருந்தான், எடை ஏறவில்லை, அடிக்கடி வயிற்று வலி. நாங்கள் பூச்சி மாத்திரை கொடுத்தோம், இரும்புச் சத்து சிரப் கொடுத்தோம், முட்டையும் சத்துமாவும் கூடுதலாகக் கொடுத்தோம். வளர்ச்சிப் பதிவேட்டில் மாதாமாதம் எழுதினேன். அவன் தின்றது எந்த மண் என்று ஒருநாளும் நான் கேட்கவில்லை. இரும்புச் சத்து குறைந்த உடம்பு ஈயத்தைக் கூடுதலாக இழுக்கும், உள்ளே போன ஈயம் ரத்தம் ஊறுவதையே கெடுக்கும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. அவனுக்கு ஈயத்தால்தான் அப்படி ஆனது என்று நான் சொல்லவில்லை. யாரும் ரத்தத்தில் பார்க்கவில்லை, அதுதான் என் வருத்தம்.

பார்த்த இடத்தில் என்ன தெரிந்தது? சென்னையில் 3 முதல் 7 வயது வரையுள்ள 756 குழந்தைகளின் ரத்தத்தைச் சோதித்த ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. போரூர் ராமச்சந்திரா மருத்துவ நிறுவனமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்தது. ஒரு டெசிலிட்டர் (100 மில்லி) ரத்தத்தில் சராசரியாக 11 மைக்ரோகிராமுக்கு மேல் ஈயம். 5 மைக்ரோகிராம் இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஈயம் கூடுதலாக இருந்த பிள்ளைகளிடம் கவனக்குறைவும் துறுதுறுப்பும் கூடுதலாக இருப்பதை அவர்களுடைய ஆசிரியர்களே குறித்துக் கொடுத்தார்கள். ஈயப் பெட்ரோல் நின்று சில ஆண்டுகள் ஆன பிறகு எடுத்த ரத்தம் அது. “ஒரு இடத்தில் உட்கார மாட்டான், சொன்னது மண்டையில் ஏறாது” என்று நானே எத்தனை தாய்மார்களிடம் சொல்லியிருக்கிறேன்!

சோதிக்காமலே விட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு உதாரணம். செனகல் நாட்டில் டக்கார் நகரத்தை ஒட்டி ஒரு குடியிருப்பு. பேட்டரி உடைத்த இடத்து மண்ணைச் சலித்து ஈயம் பிரித்தார்கள். மூட்டை மூட்டையாக வீட்டுக்கும் கொண்டுபோனார்கள். 2007 நவம்பரிலிருந்து 2008 மார்ச்சுக்குள் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் மண்ணையும் ரத்தத்தையும் சோதித்தார்கள்.

நம்மிடம் சட்டம் இல்லாமல் இல்லை. காற்றில் ஈயம் இவ்வளவுக்குள் இருக்க வேண்டும் என்ற அளவை 2009இல் புதுப்பித்தார்கள். வீட்டுக்கு அடிக்கிற பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்பது 2017 நவம்பரிலிருந்து நடப்பில் இருக்கிறது. பழைய பேட்டரி பதிவு பெற்ற ஆலைக்குத்தான் போக வேண்டும் என்பது 2001லிருந்தே விதி, 2022இல் அதற்குப் புது விதிகளும் வந்தன. ஆனால் 2017க்கு முன் அடித்த பெயிண்ட் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. என் மையத்தின் தரையை அளக்க அந்த 27 ஆண்டுகளில் ஒருவரும் வந்ததில்லை.

மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் வடசென்னை அங்கன்வாடிகளிலும் தொடக்கப் பள்ளிகளிலும் தரைத் தூசியை எடுத்துச் சோதித்து, முடிவை அந்தந்த மையத்தின் வாசலில் ஒட்ட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வருகிற மருத்துவக் குழு எடை, கண், பல் எல்லாம் பார்க்கிறது. ஈயத்துக்கும் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்க்கட்டும், கூடுதலாக இருந்தால் முறையாக மறு சோதனை செய்யட்டும். சாலை பெருக்குகிற மாநகராட்சி இயந்திர வண்டி பெரிய சாலையோடு திரும்பிவிடுகிறது. சந்துகளில் தூய்மைப் பணியாளர்கள் விளக்குமாற்றால் காய்ந்த தூசியைப் பெருக்கும்போது பாதி அவர்கள் மூக்குக்குள்ளும் மீதி எங்கள் ஜன்னலுக்குள்ளும் போகிறது. பெருக்கும் முன் தண்ணீர் தெளிக்க ஏற்பாடு செய்யுங்கள், அந்தப் பெண்களுக்கு நல்ல முகக்கவசம் கொடுங்கள். பேட்டரிக் கடைகளை ஒரே நாளில் மூடினால் அந்தக் குடும்பங்கள் எங்கே போகும்? வீடுகளை விட்டுத் தள்ளி இடம் கொடுத்து, வேலை முடிந்ததும் குளித்து உடை மாற்ற வசதி செய்து கொடுத்தால் போதும், அப்பாவின் சட்டை வழியாக ஈயம் வீட்டுக்கு வராது.

தாய்மார்கள் இன்றைக்கே செய்யக்கூடியதும் உண்டு. காய்ந்த தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பு வாசலோடு நிற்கட்டும். சாப்பாட்டுக்கு முன் பிள்ளையின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கீரை, முட்டை, கேழ்வரகு கொடுங்கள். இரும்பும் சுண்ணாம்புச் சத்தும் போதுமான அளவு இருக்கும் உடம்பில் ஈயம் அவ்வளவாக ஏறாது.

தங்கள் நிருபர் யாராவது வந்தால் நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன். காலை ஆறு மணிக்கு, சந்து பெருக்குகிற நேரத்துக்கு வரச் சொல்லுங்கள். ஒரு வெள்ளைத் துணியும் கொண்டுவரட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்,
தண்டையார்பேட்டை, சென்னை.