கட்ஆஃப் எகிறும்னு போட்டது போதும், ரேங்க்க பத்தி எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள்ல இருந்து கவுன்சிலிங் முடியற வரைக்கும் உங்க பேப்பர்லயும் சரி மத்த பேப்பர்லயும் சரி ஒரே செய்தி தான் திரும்ப திரும்ப வருது. இந்த வருஷம் இன்ஜினியரிங் கட்ஆஃப் (மேக்ஸ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி மார்க்க 200க்கு கணக்கு போட்டு வர்றது) எகிறும், ரெண்டு மார்க் ஏறும் மூணு மார்க் ஏறும், அண்ணா யுனிவர்சிட்டில சீட் கிடைக்கறது குதிரைக்கொம்பு. இத காலைல காப்பி குடிச்சுக்கிட்டே படிக்கற வீட்டுல அன்னிக்கு பூரா என்ன நடக்குதுன்னு உங்களுக்கு தெரியுமான்னு தெரியல, அதான் எழுதறேன்.

எங்க பாப்பா 2025ல பிளஸ் டூ முடிச்சா. அந்த வருஷம் கெமிஸ்ட்ரில மட்டும் 3,181 பேர் நூத்துக்கு நூறு, அதுக்கு முந்தின வருஷம் வெறும் 471. ரேங்க் லிஸ்ட்ல கட்ஆஃப் 200க்கு 200 எடுத்தவங்க 65ல இருந்து 144 ஆனாங்க. நீங்க போட்டது பொய்னு நான் சொல்லல. ஆனா பாதி தான் போட்டீங்க. எல்லா புள்ளைங்களுக்கும் மார்க் ஏறுனா கட்ஆஃபும் கூடவே ஏறத்தான் செய்யும், பஸ்ஸுக்கு வரிசைல நிக்கற அத்தனை பேரும் ஒரு படி மேல ஏறி நின்னா முன்னாடி நிக்கறவன் முன்னாடி தான், பின்னாடி நிக்கறவன் பின்னாடி தான். நமக்கு முன்னாடி எத்தன பேர், அது தான் ரேங்க், சீட் குடுக்கறது அத வெச்சு தான். போன வருஷம் இந்த காலேஜ்ல இந்த கோர்ஸ் நம்ம கம்யூனிட்டிக்கு எந்த ரேங்க் வரைக்கும் போச்சுன்னு பாத்தா ஓரளவு கண்ணுக்கு தெரிஞ்சுரும். இத ஒரு நாள் கூட முதல் பக்கத்துல பாக்கலீங்க.

இந்த பயத்த வெச்சு சம்பாதிக்கறவங்க யாருன்னா, மே மாசமே போன் பண்ணி "மேடம் உங்க பொண்ணு கட்ஆஃபுக்கு இந்த வருஷம் கவுன்சிலிங்ல ஒண்ணும் கிடைக்காது, மேனேஜ்மென்ட்ல நாலு சீட் தான் பாக்கி"ன்னு சொல்ற பிரைவேட் காலேஜ் ஆளுங்க. நம்பர் எப்படி கிடைக்குதோ அந்த ஆண்டவனுக்கு தான் வெளிச்சம். ரிசல்ட் வந்தது மே, கவுன்சிலிங் ஜூலை, நடுவுல இருக்கற அந்த நாளு தான் இவங்களுக்கு அறுவடை. எங்க தெருவுலயே ஒரு வீட்டுல நகைய அடகு வெச்சு ஒரு காலேஜ்ல பணம் கட்டுனாங்க, ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டையும் அங்கயே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் ஜூலைல அந்த பையனுக்கு கவர்மெண்ட் காலேஜ்லயே சீட் வந்துச்சு. கட்டுன பணத்த கேட்டா இன்னிக்கு வா நாளைக்கு வான்னு அலைய விட்டாங்க. அட்மிஷன் கடைசி தேதிக்கு முன்னாடி வேணாம்னு சொன்னா 1,000 ரூபாய்க்கு மேல பிடிக்க கூடாது, ஒரிஜினல வெச்சுக்கவே கூடாதுன்னு இன்ஜினியரிங் காலேஜுகள கண்காணிக்கற ஏஐசிடிஇயோட விதி இருக்கு. இது அந்த அம்மாவுக்கு தெரியாது, தெரிய வேண்டியது பேப்பர் மூலமா தானே? ஆனா கட்ஆஃப் செய்தி வர்ற அந்த பக்கத்துல தான் அதே மாதிரி காலேஜோட முழுப்பக்க விளம்பரம் இருக்கு, என்னத்த சொல்ல.

எங்க வீட்டுலயும் இந்த பேச்சு வந்துச்சு. எங்க வீட்டுக்காரர் ரிக் வண்டில சத்தீஸ்கர் பக்கம் போர் போட போயிருந்தாரு, திருச்செங்கோட்டுக்காரங்களுக்கு இது புதுசில்ல. ராத்திரி போன் பண்ணி "கட்டிரலாமா, எதுக்கும் ஒரு சீட்ட பிடிச்சு வெச்சுக்கலாமா"ன்னு கேப்பாரு. நாத்தனார் ஒரு பக்கம், ஸ்கூல் வேன்ல கூட வந்த புள்ளைங்க அம்மா ஒரு பக்கம், கல்யாண வீட்டுக்கு போனா சாப்பாட்டு பந்தில கூட "கட்ஆஃப் எவ்வளவுங்க?" தான். எங்க ஜில்லாவுல தான் மார்க்குக்காகவே புள்ளைங்கள அடைச்சு வெச்சு படிக்க வெக்கற பிராய்லர் ஸ்கூல் நிறைய, ரெண்டு வருஷம் விடிகால ஸ்டடி ராத்திரி ஸ்டடின்னு படிச்ச புள்ளைங்க, பரிட்சை முடிஞ்சு தூங்கலாம்னு பாத்தா வீட்டுல இந்த கூத்து. பாப்பா ஒரு கட்டத்துல ரூமை விட்டு வெளிய வரவே மாட்டேன்னுட்டா. நான் ரேங்க் வர வரைக்கும் யாருக்கும் ஒரு ரூபா குடுக்கறதில்லன்னு பிடிவாதமா நின்னேன், அதுக்கு நான் வாங்குன பேச்சு தனி.

அடுத்தது ரேண்டம் நம்பர், விண்ணப்பம் போட்ட ஒவ்வொருத்தருக்கும் கம்ப்யூட்டர் குடுக்கற ஒரு நம்பர். இது வந்த அன்னிக்கு போட்டோ போட்டு பெரிய செய்தி ஆக்கறீங்க, ஜனங்க லாட்டரி சீட்டு மாதிரி பெரிய நம்பர் வந்தா சந்தோஷம் சின்ன நம்பர் வந்தா அழுகை. ஒரே கட்ஆஃப் இருந்தா முதல்ல மேக்ஸ் மார்க் பாப்பாங்க, அப்புறம் பிசிக்ஸ், அப்புறம் அடுத்த சப்ஜெக்ட், பிளஸ் டூ மொத்தம், பத்தாவது மார்க், பிறந்த தேதி, இத்தனையும் ஒண்ணா இருந்தா தான் கடைசியா அந்த நம்பர். அந்த நிலைமைக்கு வர்றவங்க எத்தன பேரு இருக்க போறாங்க? இத செய்தியோட கடைசி வரில சின்னதா போடாம மேலயே போட்டா ஒரு நாள் அழுகையாவது மிச்சம்.

சாய்ஸ் பில்லிங்ல, அதாவது எந்த காலேஜ் எந்த கோர்ஸ் வேணும்னு வரிசையா போடறதுல, நடக்கறது தான் எனக்கு ரொம்ப வயித்தெரிச்சல். மூணு நாள் தான் டைம் குடுப்பாங்க. "நமக்கு கிண்டி இன்ஜினியரிங் காலேஜ் கிடைக்காது, எதுக்கு மேல போட்டு சாய்ஸ வேஸ்ட் பண்ணனும்"னு நிறைய பேரு கிடைக்கற காலேஜ முதல்ல போட்டுடறாங்க. கம்ப்யூட்டர் மேல இருந்து கீழ தான் பாத்துக்கிட்டே வரும், ஒவ்வொரு சாய்ஸ்லயும் பொதுப்பிரிவுல இடம் இருக்கா, இல்லேன்னா நம்ம கம்யூனிட்டில இருக்கா, இல்லேன்னா அடுத்த சாய்ஸ். மேல போட்டது கிடைக்கலேன்னா கீழ போட்டதுக்கு ஒரு நஷ்டமும் கிடையாது. ஆனா கீழ போட வேண்டியத மேல போட்டுட்டா அதோட கதை முடிஞ்சுது, அதுக்கு கீழ எழுதுனத கம்ப்யூட்டர் திரும்பி கூட பாக்காது. பிரவுசிங் சென்டர்ல காசு வாங்கிட்டு ஒரு ரெடிமேட் லிஸ்ட்ட ஏத்தி லாக் பண்ணி விட்டுடறாங்க, லாக் ஆனா மாத்தவே முடியாது. ஆசைப்பட்டத முதல்ல போடு, அவ்வளவு தான் சங்கதி, இது ஏன் யாருக்கும் போய் சேரலேன்னு எனக்கு புரியவே இல்ல.

அப்புறம் கிண்டில எதுவா இருந்தாலும் பரவால்லயா இல்ல எந்த காலேஜா இருந்தாலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் தானான்னு ஒரு சண்டை, இது எல்லா வீட்டுலயும் நடக்கும். பாப்பா கிண்டில ஜியோஇன்பர்மேட்டிக்ஸ்னு கேட்டப்போ சொந்தக்காரங்க சிரிச்சாங்க, நிலம் அளக்கறதுக்கு இன்ஜினியரிங்கான்னு. அந்த காலேஜே 1794ல சர்வே ஸ்கூலா ஆரம்பிச்சது தானுங்க, அத போய் யாருகிட்ட சொல்றது. அவ ஆசைப்பட்ட வரிசைலயே போட்டா, கிடைச்சுது, சேந்துட்டா.

7.5 சதவீதம் பத்தியும் சொல்லணும். ஆறாவதுல இருந்து கவர்மெண்ட் ஸ்கூல்ல படிச்ச புள்ளைங்களுக்கு 2021ல இருந்து தனி ஒதுக்கீடு இருக்கு, பீஸும் ஹாஸ்டலும் கவர்மெண்டே கட்டுது. எங்க ரேஷன் கடைக்கிட்ட ஒரு அக்கா பையனுக்கு நல்ல மார்க், ஆனா "அவ்வளவு பீஸ் யாரு கட்டறது"ன்னு விண்ணப்பமே போடாம இருந்தாங்க. பாப்பா தான் உக்காந்து போட்டு குடுத்தா.

அதனால ஒரே ஒரு விஷயம் கேக்கறேன். போன வருஷ விவரமெல்லாம் கவுன்சிலிங் வெப்சைட்டுல இருக்கு, ஆனா காலேஜ் கோட் நம்பரா, இங்கிலீஷ்ல, பக்கம் பக்கமா இருக்கு. கோட் 1 கிண்டி, 2 ஏசிடெக் (அழகப்பா டெக்னாலஜி காலேஜ்), 4 குரோம்பேட்ட எம்ஐடின்னு எங்கள மாதிரி ஆளுங்க ஒவ்வொண்ணா தேடி கண்டுபிடிச்சோம். ரேங்க் லிஸ்ட் வர்றதுக்கு முன்னாடி ஒரு நாள், ஒரே ஒரு முழு பக்கம், அண்ணா யுனிவர்சிட்டி கேம்பஸுக்கும் கவர்மெண்ட், எய்டட் காலேஜுக்கும் கம்யூனிட்டி வாரியா கடைசி ரேங்க் தமிழ்ல போடுங்க. சாய்ஸ எந்த வரிசைல போடணும், கட்டுன பணத்த திருப்பி வாங்க யாருகிட்ட புகார் குடுக்கணும், இதுவும் அதுலயே இருக்கட்டும். இந்த வருஷம் எங்க நாத்தனார் பையன் எழுதியிருக்கான், ரிசல்ட் வர்றதுக்குள்ள போட்டீங்கன்னா உபயோகமா இருக்கும், அவங்களுக்கு இப்பவே போன் வர ஆரம்பிச்சிருச்சு.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் அம்மா,
திருச்செங்கோடு