வாக்கப்பட்டு வந்தவளுக்கு ஒரு நாற்காலி

மும்பைத் தமிழ் அமைப்புகளின் நிர்வாகிகளுக்கு வணக்கம்.

தாராவிக்கு நான் வாக்கப்பட்டு வந்து 22 வருஷம் ஆகிறது. போன மழைக்காலத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணுக்காகக் காவல் நிலையம் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பிள்ளை. கல்யாணமாகி எட்டு மாதம். இந்தி தெரியாது. போனுக்கு ரீசார்ஜ்கூடப் புருஷன் போட்டால்தான். நான் போய்ச் சேர்ந்தபோது கொழுந்தன்தான் அவளுக்கு மொழிபெயர்த்துக்கொண்டிருந்தான். "கழுத்தைப் புடிச்சு நெரிச்சாருக்கா" என்று என்னைப் பார்த்து அழுதாள். அவன் இந்தியில் சொன்னதோ வெறும் வாய்ச்சண்டை என்று. நான் குறுக்கே புகுந்து சொன்ன பிறகுதான் போலீஸார் முதலில் எழுதியதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதினார்கள். அந்த மராத்தித் தாளின் அடியில் அவள் தமிழில் கையெழுத்துப் போட்டாள்.

சட்டத்தில் குறை இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, வீடு யார் பேரில் இருந்தாலும் அவள் வாழ்ந்த வீட்டில் தங்க அவளுக்கு உரிமை உண்டு. அம்மா வீட்டுக்குப் போய்விட்டால் அந்த ஊர் நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். கணவன் வீட்டுக் கொடுமை பற்றிய குற்றப் புகாரையும் தஞ்சம் புகுந்த இடத்தில் கொடுக்கலாம் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் எந்தப் பெண்ணுக்கும் இலவச வக்கீல் உண்டு. 15100-க்கு அழைத்தால் வழி சொல்வார்கள். அவசர உதவிக்கு 181. இதையெல்லாம் அவளுக்குத் தமிழில் எடுத்துச் சொல்லத்தான் ஆள் இல்லை.

நான் கேட்பது இதுதான். வாரத்தில் ஒரு மாலை உங்கள் மண்டபத்தில் ஒரு மேசை, நாலு நாற்காலி. தமிழும் மராத்தியும் தெரிந்த இரண்டு பெண்கள். உதவி கேட்டு வருகிறவளோடு காவல் நிலையத்துக்கும் கோர்ட்டுக்கும் அவர்கள் கூடவே போகவேண்டும்.

தயவுசெய்து அங்கே பஞ்சாயத்து மட்டும் வேண்டாம். "அனுசரிச்சுப் போம்மா" என்பதை அவள் வீட்டிலேயே போதுமான அளவு கேட்டுவிட்டாள்.

அப்புறம், ஊரில் தாலி கட்டியதும் ரயிலேறிவிடுகிறோம், பதிவை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2009 சட்டப்படி 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். அழைப்பிதழ் கொண்டுவந்து தரும் குடும்பங்களிடம் இதைச் சொல்லுங்கள். சான்றிதழின் நகல் ஒன்று பெண் கையில் இருக்கட்டும்.

சனிக்கிழமை எனக்கு 5 மணிக்கு வேலை முடியும். முதல் ஆளாக நான் வந்து உட்காருகிறேன். மண்டபச் சாவியை யாரிடம் வாங்கவேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி