மச்சாளின் ஊசியும் யேசுவின் விசுவாசமும்

டோர்ட்முண்ட், ஜெர்மனி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே சுகம். நீங்களும் அம்மாவும் சுகமாயிருக்க யாகப்பரை மன்றாடுகிறேன். வாட்ஸ்அப்பில்தான் நெடுகக் கதைக்கிறோமே, பிறகேன் கடிதம் என்று யோசிப்பீர்கள். இது மச்சாளின் வருத்தத்தைப் பற்றினது, போனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. நடுவில் அம்மா வந்து "சாப்பிட்டியோ" என்று கேட்டால் எனக்கு எல்லாம் குழம்பிப் போகும்.

முதலில் இங்கத்தைப் புதினம். அதே முதியோர் இல்லம், அதே பின்னேர வேலை. சம்பளத் துண்டில் கோயில் வரி என்று ஒரு வரி இருக்கிறது. வருமான வரி எவ்வளவோ, அதில் 9 வீதத்தை அரசாங்கமே பிடித்துத் திருச்சபைக்குக் கொடுக்கும். குருநகரில் இப்படி ஒன்று வந்தால் சங்கிலித்தோப்பு வரைக்கும் சத்தம் கேட்கும். வரி கட்டுகிறார்களே தவிர, ஞாயிறு பூசையில் முன் வாங்கில் நாலு கிழவிகள்தான். சனத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஆவணியில் கேவலார் மாதா கோயிலுக்குப் போகவேண்டும். மாதாவின் படம் என்று ஒரு சின்னத் தாளில் அச்சடித்த படம்தான், 1642இல் வைத்தது. தமிழருடைய யாத்திரை நாளன்று சைவச் சனமும் வந்து மெழுகுதிரி கொளுத்தும். எங்கட மடு மாதா கோயிலில் நிற்கிற மாதிரியே இருக்கும், புழுதி மட்டும் இல்லை.

அங்கே வருஷாவருஷம் எங்களோடு வந்த மச்சாள் இப்போது வருவதில்லை. இவருடைய தங்கச்சியைத்தான் சொல்கிறேன். வேறொரு சபைக்குப் போகிறா. அதை நான் குறையாகச் சொல்லவில்லை, அவரவர் மனம். ஆனால் போன மாதம் அவவின் மகனுடைய பிறந்தநாளுக்குப் போனபோது, கேக்கை வைக்கக் குளிர்ப்பெட்டியைத் திறந்தேன். கதவுத் தட்டில் இன்சுலின் ஊசிப் பெட்டி ஒட்டுக்கூடப் பிரிக்காமல் கிடந்தது. கேட்டதற்கு, "பாஸ்டர் சொன்னவர் அண்ணி, யேசு புயலை அடக்கினது, லாசரை எழுப்பினது எல்லாம் தன்ரை விசுவாசத்தாலதானாம். அதே விசுவாசம் எனக்குள்ள வந்தா சீனி வருத்தம் போயிடுமாம்" என்றா. ஊசி போட்டால் விசுவாசம் குறைவு என்று அர்த்தமாம். எனக்கு ரோல்ஸ் தொண்டைக்குள் இறங்கவில்லை.

அப்போது உங்களைத்தான் நினைத்தேன். தபசு காலத்தில் யேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ் நாடக ஒத்திகை நடக்கும்போது பெடியள் குறுக்குக் கேள்வி கேட்டால், "அவர் கடவுளடா, கடவுளுக்கு என்னத்துக்கு விசுவாசம்?" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவீர்களே. அதைச் சொல்லித்தான் மச்சாளோடு வாதாடினேன். அவ உடனே, "அப்ப கெத்சமனியில ஏன் அழுதவர்?" என்று கேட்டா. பிடிபடுகிற இரவு அந்தத் தோட்டத்தில் அவர் பாடுகளின் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று பிதாவிடம் மன்றாடினாரே. எனக்குப் பதில் வரவில்லை.

எங்கள் இல்லத்தில் ஒரு வயதான சுவாமி இருக்கிறார். குருமடத்தில் படிப்பித்தவர். கை நடுக்கம், சூப்பை நான்தான் பருக்குவேன். அவரிடம் கேட்டேன். ஒரு கரண்டி விழுங்கிவிட்டு, பெரிய வேதசாஸ்திரியான புனித தோமஸ் அக்குவைனாஸ் தன்னுடைய 'சும்மா தியோலோகிக்கா' என்ற நூலில் எழுதியதை மனப்பாடமாகச் சொன்னார்: மூன்றாம் பாகம், 7ஆம் கேள்வி, 3ஆம் பிரிவு. விசுவாசம் என்பது காணாததைப் பற்றியது, எபிரேயருக்கு எழுதிய கடிதம் 11ஆம் அதிகாரம் சொல்வதும் அதுதான். யேசுவோ கருவான கணத்திலிருந்தே கடவுளை நேரே கண்டவர். ஆகவே அவரிடம் விசுவாசம் இருக்கவில்லை. நீங்கள் சொன்னதேதான், அப்பா. 1943இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதரும் அந்தக் காட்சியைத் தம் சுற்றுமடலில் உறுதியாகச் சொல்லியிருக்கிறாராம்.

நான் விடவில்லை. எல்லாம் கண்டுகொண்டிருந்தவருக்கு எப்படிப் பயம் வரும், ஏன் கிண்ணத்தை எடுத்துவிடும் என்று கேட்பார்? சுவாமி சிரித்தார், சூப் என் சட்டையில் தெறித்தது. இதே கேள்வியால் ரத்தமே சிந்தியிருக்கிறது என்றார். 451இல் கல்செதோனில் கூடிய திருச்சபைச் சங்கம் யேசு முழுக் கடவுள், முழு மனிதன் என்று முடிவு சொன்னது. ஆனால் அவருக்கு மனித சித்தம், அதாவது மனித விருப்பம், என்று தனியாக ஒன்று இருந்ததா என்ற சண்டை பிறகும் ஓயவில்லை. இருந்தது என்று நின்ற மாக்சிமுஸ் என்ற துறவியின் நாக்கையும் வலக்கையையும் வெட்டிப்போட்டார்கள். கெத்சமனியில் "என் விருப்பப்படி அல்ல" என்ற ஒரு வசனத்தைத்தான் அந்த மனுஷன் பிடித்துக்கொண்டு நின்றது. அவர் செத்துப் பத்தொன்பது வருஷம் கழித்து, 681இல், கொன்ஸ்தாந்தினோப்பிள் சங்கம் அவர் சொன்னதுதான் சரி என்றது.

எங்கள் காலத்திலும் இந்தப் பிரச்சினை வந்திருக்கிறது. எல்சல்வடோரில் ஜோன் சொப்ரினோ என்று ஒரு யேசுசபைச் சுவாமி. 1989இல் அவருடைய வீட்டுச் சுவாமிமார் ஆறு பேரையும் சமையல்காரப் பெண்ணையும் அவவின் மகளையும் ஆமி சுட்டது. இவர் அந்த நேரம் தாய்லாந்தில் நின்றதால் தப்பினார். இதை வாசிக்கும்போது உங்களுக்கு யாருடைய முகம் வரும் என்று எனக்குத் தெரியும். சொப்ரினோ சுவாமி, யேசுவும் எங்களைப் போல விசுவசித்தவர் என்று எழுதினார். 2006இல் றோமாபுரி அதை ஏற்கவில்லை. எங்களைப் போல விசுவாசி மட்டும் என்றால் பிதாவின் முகத்தை அவர் எப்படிக் காட்டுவார் என்று கேட்டது. அதுவும் நியாயமான கேள்விதான். ஆனாலும் சொப்ரினோ சுவாமி ஏன் அப்படி எழுதினார் என்பது எங்கட சனத்துக்கு விளங்காமல் போகாது.

பிறகு எங்கள் இல்லத்துச் சுவாமி சொன்ன ஒன்றில்தான் எனக்கு வெளிச்சம் கிடைத்தது. அதே 3ஆம் பிரிவிலேயே தோமஸ் இன்னொன்றும் எழுதியிருக்கிறாராம்: விசுவாசத்தின் பேறுபலன் கீழ்ப்படிதலில் இருக்கிறது, அந்தக் கீழ்ப்படிதல் யேசுவிடம் முழுமையாக இருந்தது. அப்படியென்றால், அப்பா, அவர் கண்டாரா நம்பினாரா என்று பெரியவர்கள் வாதாடட்டும். நான் தோமஸின் பக்கம்தான் நிற்கிறேன். ஆனால் இரண்டு பக்கத்தாரும் ஒத்துக்கொள்கிற ஒன்று இருக்கிறது. அவர் தன்னைப் பிதாவின் கையில் கொடுத்தார், கேட்டது கிடைக்கவில்லை. கிண்ணம் எடுபடவில்லை. மச்சாளின் பாஸ்டர் சொல்கிற கணக்கு சரியென்றால், அன்றிரவு யேசுவுக்கே விசுவாசம் குறைந்துபோயிற்று என்றல்லவா சொல்லவேண்டும்? லாசரின் கல்லறையிலும் லாசரைக் கூப்பிட முன் அவர் செய்தது செபம்தான், "நீர் எப்போதும் எனக்குச் செவிசாய்க்கிறீர்" என்று. புயலன்று படகில் விசுவாசம் எங்கே என்று அவர் கேட்டது சீஷர்களைப் பார்த்து.

இதை மச்சாளுக்குச் சொன்னேன். கேட்டா, அழுதா, ஆனால் ஊசிப் பெட்டி இன்னும் அப்படியே கிடக்கிறது. நான் சொன்னால் அண்ணிச் சண்டையாகப் போகிறது. இவர் சொன்னால் கோபப்படுகிறா. உங்கள் சொல்லை மட்டும் அவ தட்டமாட்டா. கலியாணத்துக்கு நீங்கள்தான் முன்னுக்கு நின்றீர்கள், அதை இப்பவும் சொல்லிக்கொண்டிருப்பா. ஞாயிற்றுக்கிழமை உங்கள் பின்னேரத்தில் ஒரு கோல் எடுங்கோ, இங்கே அப்போது மத்தியானம், வீட்டில் இருப்பா. தோமஸையும் சங்கங்களையும் இழுக்க வேண்டாம். சீனி எவ்வளவு, காலில் புண் ஏதும் உண்டோ, ஊசி போட்டாச்சோ என்று மட்டும் கேளுங்கோ. பாஸ்டரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம், அவ போனை வைத்துவிடுவா.

அம்மாவுக்கு முழங்கால் பூச்சுமருந்து பார்சலில் வருகிறது. ஒடியல் மா அனுப்பினால் நல்லம்.

இப்படிக்கு
உங்கள் அன்பு மகள்