வாளிக் குளிப்பும் கறுத்த தண்ணீரும்

ஹரோ, லண்டன்
9 பெப்ரவரி

அன்பு மச்சான்,

உன் கடிதம் பொங்கலுக்கு முதல்நாளே வந்துவிட்டது. உடனே பதில் போடாததற்குக் கோபிக்காதே. மூன்று கிழமையாக இந்த வீட்டில் நான் வீட்டுக்காரன் இல்லை, பொயிலருக்குக் காவல்காரன். அந்தக் கதையை உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்வது? காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் ஸ்பானரோடு நின்றவன் நீ. என் மருமகனுக்குச் சொன்னால் "மாமா, புதுசா ஒண்டைப் பூட்டுங்கோ" என்று முடித்துவிடுவான்.

முதலில் உன் செய்திகளுக்கு வருகிறேன். முழங்கால் நோவுக்கு எண்ணெய் பூசுவதோடு நிற்காதே, படமெடுத்துப் பார். மகளின் கலியாணம் ஆவணியில் என்றது மெத்தச் சந்தோஷம். நாங்கள் இரண்டு பேரும் கட்டாயம் வருவோம். நல்லூர்த் தேருக்கு முதலே வந்துவிட வேண்டும் என்று இவள் இப்போதே நாள் எண்ணுகிறாள். ரிக்கற் விலையைப் பார்த்த பிறகு நானும் எண்ணுகிறேன், வேறொன்றை.

சரி, பொயிலர். பெயரைக் கேட்டதும் ரயில் எஞ்சினை நினைக்காதே. குசினி அலுமாரிக்குள் அடங்குகிற வெள்ளைப் பெட்டி அது. அதற்குள் இரண்டு தண்ணீர் ஓடும். ஒன்று, வீட்டைச் சூடாக்க அறைகளில் பூட்டியிருக்கிற ரேடியேற்றர்களுக்குள் சுற்றி வருகிற தண்ணீர். அது வெளியே போவதில்லை, வருடக்கணக்காக அதே தண்ணீர்தான். மற்றது நாங்கள் குளிக்கிற, கோப்பை கழுவுகிற குழாய்த் தண்ணீர். இரண்டும் ஒருநாளும் கலப்பதில்லை. சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தால் உள்ளே ஒரு வால்வு திரும்பி, ரேடியேற்றருக்குப் போகிற கொதிநீரைச் சின்னதொரு உலோகக் கட்டிக்குள் அனுப்பும். புத்தகம் அளவுதான் இருக்கும் அந்தக் கட்டி. மெல்லிய எவர்சில்வர்த் தகடுகளை அடுக்கி ஒட்டியது. ஒரு இடைவெளியில் கொதிநீர், அடுத்த இடைவெளியில் குழாய்த் தண்ணீர், அதற்கடுத்ததில் திரும்பவும் கொதிநீர். தகட்டுக்கு இந்தப் பக்கத்துச் சூடு அந்தப் பக்கம் தாவும். இங்கே வேலைக்காரர் இதை 'பிளேட்' என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது இது. வீடு நல்ல சூடு, ரேடியேற்றர் தொட முடியாது. ஆனால் குளிக்க நின்றால் அரை நிமிஷம் சுடும், பிறகு வெதுவெதுப்பு, பிறகு ஐஸ். தலையில் சம்போவோடு நின்று நான் போட்ட சத்தம் பக்கத்து வீட்டுக் குஜராத்திக் கிழவிக்கும் கேட்டிருக்கும். பெட்டியில் சிவப்பு வெளிச்சம், 'அளவுக்கு மீறிச் சூடாகிவிட்டது' என்று சொல்கிற குறியீடு. பொத்தானை அமத்தினால் எழும்பும், குழாயைத் திறந்தால் திரும்பவும் படுக்கும். வேடிக்கையைப் பார், மச்சான். குழாயில் வருவது பச்சைத் தண்ணீர், பொயிலர் சொல்வது 'எனக்குக் காய்கிறது' என்று. பொய் சொல்கிறது என்றுதான் நான் நினைத்தேன்.

இவள் ஒன்றும் பேசவில்லை. கேத்திலில் கொதிக்க வைத்து, வாளியில் விளாவி, சிக்கனமாகக் குளித்தாள். "கிணத்தடியில பழகினதுதானே" என்றாள். நாற்பது வருஷம் லண்டனில் இருந்தும் அந்தப் பழக்கம் கை விடவில்லை.

பொயிலரைத் திருத்த முதல் வந்தவர் அரைமணித்தியாலம் நின்றார். குழாயைத் திறந்தார், பூட்டினார், அந்தத் திருப்பு வால்வு பழுது என்றார். மாற்றினார். 280 பவுண். மூன்றாம் நாள் அதே கதை. திரும்ப வந்து, இனி பொயிலரின் மூளையான மின்சுற்றுப் பலகைதான் போயிருக்கும், அதைப் போட்டுக் காசை வீணாக்காமல் புதுப் பொயிலர் வாங்குங்கள், 2,800 பவுணுக்குள் முடித்துத் தருகிறேன் என்றார். நீ தொழிற்சாலையில் புதுப் பொடியன்களுக்குச் சொல்வாயே, "முதலில காதைக் குடு, பிறகு ஸ்பானரைத் தூக்கு" என்று. அந்த ஞாபகம் வந்ததால்தான் 'யோசித்துச் சொல்கிறேன்' என்று அவரை அனுப்பிவைத்தேன்.

இந்த நாட்டில் காஸ் வேலையைக் கண்டவரும் செய்ய முடியாது. 'காஸ் சேஃப்' பதிவு வேண்டும். 2009 ஏப்ரலுக்கு முதல் அதே இடத்தில் 'கோர்கி' இருந்தது. ஆளிடம் அட்டை இருக்கும், அதன் பின்பக்கத்தில் எந்தெந்த வேலைக்குத் தகுதி என்று எழுதியிருக்கும். பதிவு என்பது காஸ் ஒழுகாமல் வேலை செய்யத் தெரியும் என்பதற்குத்தான். நோய் பிடிக்கத் தெரியும் என்பதற்கு அது சாட்சி இல்லை. இதைக் காசு குடுத்துத்தான் படித்தேன்.

இரண்டாவது வந்தவர் போலந்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். அதிகம் கதைக்கவில்லை. அதற்குள் நானே நோயைப் பிடித்து வைத்திருந்தேன். லண்டன் தண்ணீர் சுண்ணாம்புப் பாறைக்குள்ளால் வருகிற தண்ணீர், உங்கள் கிணற்றுத் தண்ணீரின் தமக்கை. கேத்திலுக்குள் வெள்ளைப் படை பிடிக்கும். உன் அம்மா தேசிக்காய்த் தோலைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கேத்தில் கழுவுவா, ஞாபகமா? அதே மாதிரிப் பிளேட்டுக்குள்ளும் சுண்ணாம்பு இறுகிவிட்டது, புளிப்பு அமிலம் ஓட்டினால் சரி என்று அவருக்கு வகுப்பெடுத்தேன். மனுஷன் சிரித்துவிட்டு, குழாயை முழுக்கத் திறந்து கையைப் பிடித்தார். "சுண்ணாம்பு அடைத்திருந்தால் தண்ணீர் இந்த வேகத்தில் வராது" என்றார்.

பிறகு பெட்டியின் முன்பக்கத்தைக் கழற்றி, பிளேட்டுக்குப் போகிற கொதிநீர்க் குழாயில் ஒரு வெப்பமானியும், அதிலிருந்து திரும்பி வருகிற குழாயில் இன்னொன்றும் கவ்வவிட்டார். குழாயைத் திறக்கச் சொன்னார். போகிற குழாய் கண்முன்னே 40 பாகையில் இருந்து 80 தாண்டி ஓடியது. திரும்பி வருகிற குழாய் குளிர்ந்தே கிடந்தது. அவ்வளவுதான், விஷயம் முடிந்தது. தகட்டில் படை பிடித்திருந்தால் சூடு தாவ வழியில்லாமல் கொதிநீர் வந்த மாதிரியே திரும்பிப் போகும், இரண்டு குழாயும் சுடும். எங்களுடையதில் கொதிநீர் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகிறது. போன கொஞ்சத்தின் சூட்டையும் குழாய்த் தண்ணீர் உறிஞ்சிவிடுகிறது. அடுப்போ முழு வேகத்தில் எரிகிறது, சூடு போக இடமில்லை, அதனால் பொயிலருக்குள் தண்ணீர் காய்ந்து, காவல் சென்சர் நெருப்பை அணைக்கிறது. ரேடியேற்றர் பக்கம் போகிற பாதை வேறு, அது திறந்து கிடக்கிறது, அதனால்தான் வீடு சூடு. பொயிலர் பொய் சொல்லவில்லை. சொன்னது அவ்வளவும் மெய். நாங்கள்தான் பழுதில்லாத வால்வை மாற்றிவிட்டு, இனி மெய் சொன்னவனையே மாற்றுவோமா என்று யோசித்துக்கொண்டு நின்றிருக்கிறோம்.

அப்ப அடைத்தது என்ன? ஒரு ரேடியேற்றரின் அடிவாயைத் திறந்து வெள்ளைக் கோப்பையில் கொஞ்சம் பிடித்தார். மச்சான், பழைய எஞ்சின் ஒயில் மாதிரிக் கறுப்பு. தன் பையிலிருந்து ஒரு காந்தத்தைக் கோப்பைக்கு வெளியே பிடித்ததும் அந்தக் கறுப்பு மயிர்க்கூச்செறிந்து சுவரில் ஏறி நின்றது. ரேடியேற்றரின் இரும்புதான் துருவாகி மாவாகி வந்திருக்கிறது. உனக்குத் தெரிந்ததுதான், காற்றுக் குறைந்த இடத்தில் இரும்பு சிவக்காது, கறுக்கும்.

இனிச் சொல்லப் போவதுதான் வெட்கக்கேடு. அவர் கேட்டார்: "பொயிலருக்குத் தண்ணீர் அடிக்கடி ஏத்துறீங்களா?" குளிர்ந்து கிடக்கையில் அமுக்கமானி முள்ளு ஒன்றுக்கும் ஒன்றரைக்கும் இடையில் நிற்க வேண்டும். எங்கள் முள்ளு ஒவ்வொரு கிழமையும் அரைக்குக் கீழே விழும். நான் ஞாயிற்றுக்கிழமை காலையில், கோயிலுக்குப் போக முதல், அடியில் உள்ள குழாயைத் திறந்து ஏத்திவிடுவேன். ஒன்றரை வருஷமாக. பெரிய வேலை தெரிந்த ஆள் மாதிரி இவளுக்கும் காட்டிக்கொள்வேன். மேல் அறை ரேடியேற்றர் வால்வில் நூல் மாதிரி ஒரு ஒழுக்கு, கம்பளத்துக்குள் வற்றிவிடும், கண்ணுக்குத் தெரியாது.

பழைய தண்ணீரில் இருக்கிற ஒட்சிசனை இரும்பு எப்போதோ தின்று முடித்துவிடும், பிறகு துரு அடங்கிப்போகும். நான் கிழமைக்குக் கிழமை புதுத் தண்ணீரோடு புது ஒட்சிசனையும் ஊட்டியிருக்கிறேன். துருப் பிடிக்காமல் ஊற்றியிருந்த மருந்தும் அந்த ஒழுக்கோடு கரைந்து போய்விட்டது. போதாததற்கு மேல் ரேடியேற்றரில் அடிக்கடி காற்றுக் கட்டும், சாவியைப் போட்டு 'உஸ்' என்று விடுவேன். அதில் பாதி காற்றில்லை, துருப்பிடிக்கையில் உண்டாகிற ஐதரசன், நெருப்புப் பிடிக்கிற வாயு என்றார். முகத்துக்கு நேரே சுருட்டோடு நின்று விட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. சுருட்டை 2004இல் விட்டது நல்லதாய்ப் போனது.

பிளேட்டை மட்டும் மாற்றச் சொன்னேன், காசு மிச்சம் என்று. மாட்டேன் என்றார். சேறு உள்ளே கிடக்க நல்ல பிளேட்டைப் போட்டால் இரண்டு மாதத்தில் அதுவும் போகுமாம். முதலில் ஒழுக்கை அடைத்தார். அடுத்த நாள் ஒரு பம்பைக் கொண்டுவந்து பூட்டி, தண்ணீரை முன்னும் பின்னும் மாற்றி மாற்றி அடித்தார். கையில் ஒரு ரப்பர்ச் சுத்தியல். ஒவ்வொரு ரேடியேற்றருக்கும் போய், தவில்காரர் மாதிரித் தட்டு. அடியில் உறைந்த சேறு இளகி வருவதற்காம். ஆறு மணித்தியாலம் வீடு முழுக்கக் கல்யாண வீடு. வெளிக்கானுக்குப் போன தண்ணீர் கறுப்பிலிருந்து தேத்தண்ணி நிறத்துக்கு வந்து, பின்னேரம் தெளிந்தது. அதற்குப் பிறகுதான் புதுப் பிளேட். இரண்டு ஆணி கழற்றிப் பழையதை உருவ இருபது நிமிஷம்கூட எடுக்கவில்லை. திரும்பிவரும் குழாயில், துருவைப் பிடித்து வைக்கிற காந்த வடி ஒன்றையும் பூட்டி, மருந்தையும் ஊற்றிவிட்டுப் போனார். எல்லாமாக 690 பவுண். முதல் 280ஐயும் கூட்டினால் உன் மகளுக்கு வாங்க நினைத்த சங்கிலி கொஞ்சம் மெலிந்துவிட்டது, குறை நினைக்காதே.

அன்றிரவு இவள் முக்கால் மணித்தியாலம் குளித்தாள். கதவைத் தட்டவில்லை நான்.

நேற்றுக் காந்த வடியை எப்படித் திறந்து கழுவுவது என்று அவர் காட்டியபடி செய்து பார்த்தேன். விரல் தடிப்பில் கறுப்பு மை இன்னமும் ஒட்டியிருந்தது. வருடத்துக்கு ஒருமுறை போதும் என்றார், எனக்குத்தான் கை சும்மா இருக்காதே. முள்ளு இப்போது 1.3இல் நிற்கிறது. தினமும் பார்க்கிறேன். அசையவில்லை.

பழைய பிளேட்டை எறியவிடவில்லை. குலுக்கினால் உள்ளே நனைந்த மணல் மாதிரிச் சத்தம். எல்லாம் ஒட்டி அடைத்த கட்டி, திறந்து பார்க்க வழியில்லை. "சூட்கேசில இதையுமோ கொண்டுபோகப் போறீங்கள்?" என்று இவள் கேட்கிறாள். உன் மருமகனாக வரப்போகிற பொடியன் வெல்டிங் கடை வைத்திருக்கிறான் என்று எழுதியிருந்தாய். கிரைண்டர் இருக்கும்தானே? கலியாணச் சந்தடி முடிந்த மறுநாள் பின்னேரம், உங்கள் கிணற்றடியில் வைத்து அறுத்துப் பார்ப்போம்.

வீட்டில் எல்லாருக்கும் அன்பு.

உன்,
பழைய சைக்கிள் கூட்டாளி