கேட்கும் சுவர்களும் சிறுவர் எழுதும் திகில் கதைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளிப் பிள்ளைகளைப் பேய்க்கதை எழுத ஊக்குவிக்கக் கூடாது, அது அவர்கள் மனத்தில் வீண் அச்சத்தை விதைக்கும் என்று தங்கள் நாளிதழின் வாசகர் பகுதியில் அண்மையில் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். பிள்ளைகளுக்குக் கதையும் கட்டுரையும் எழுதக் கற்பிக்கும் தமிழாசிரியர் என்ற முறையில் அக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை. ஆயினும் அவருடைய கவலைக்குக் காரணம் உண்டு என்பதை மறுக்க மாட்டேன். இன்று பிள்ளைகள் எழுதித் தரும் திகில் கதைகளில் பெரும்பாலானவை பாழடைந்த வீட்டில் தொடங்கி, வெள்ளை உருவம், இரத்தம், அலறல் என்று வரிசையாகச் சென்று, 'எல்லாம் கனவு' என்று முடிந்துவிடுகின்றன. 'பயங்கரமான' என்ற சொல் பக்கத்துக்குப் பத்து முறை வந்தாலும் படிப்பவருக்குப் பயம் வருவதில்லை. இக்குறைக்குக் கதை வகையின்மேல் பழிபோடுவதைவிட, அதை எழுதும் முறையை நாம் கற்பிக்கவில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மையாகும். அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள், அதாவது உள்ளத்து உணர்வு உடலில் வெளிப்படும் நிலைகளுள், ஒன்றாக வைத்து, அது பிறக்கும் இடங்களையும் வகுத்துச் சொன்ன தொல்காப்பியம் நம்மிடம் இருக்கும்போது, அச்சச் சுவையைப் பிள்ளைகளின் எழுத்திலிருந்து விலக்கி வைக்க வேண்டிய தேவை என்ன?

கற்பிக்க வேண்டியவற்றுள் முதலாவது மையக்கருத்து. 'உன் கதை எதைப் பற்றியது?' என்று கேட்டால், 'ஒரு பழைய வீட்டைப் பற்றியது' என்று பிள்ளை சொல்லும். வீடு கதை நிகழும் இடம்; அது கதையின் கருத்தாகாது. ஆகவே, 'அந்த வீட்டுக்குள் போகிறவனுக்கு எதை இழந்துவிடுவோமோ என்று பயம்?' என்று அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டும். அங்கேதான் பிள்ளை சற்று நின்று யோசிக்கத் தொடங்குகிறது. தன்னை யாரும் தேடி வரமாட்டார்களோ என்ற பயம், சொன்ன பொய் வெளிப்பட்டுவிடுமோ என்ற பயம், உற்ற நண்பன் மாறிவிட்டானோ என்ற பயம் என்று பதில்கள் வரும். பேய் எந்த உருவத்தில் வந்தாலும் அதன் பின்னால் நிற்பது இவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும். இந்தப் பயத்தை ஒரே வாக்கியமாகத் தாளின் தலைப்பகுதியில் எழுதிவைத்துக்கொண்ட பிறகே கதையின் முதல் வரியைத் தொடங்க வேண்டும் என்பதை நான் வகுப்பில் விதியாகவே வைத்திருக்கிறேன்.

இரண்டாவது, உயிரற்ற பொருளுக்கு மனிதச் செயலை ஏற்றிச் சொல்லும் முறை. இதற்கான வழிகாட்டி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், அஃறிணைப் பொருள்களைக் கேட்பன போலவும், பேசுவன போலவும், இயங்குவன போலவும், செயல்களைச் செய்வன போலவும் சொல்லலாம் என்று நான்காக வகுக்கிறது. தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோகும் அந்த நூற்பாவைத் திகில் கதை எழுதும் வகுப்பில் எடுத்துவைத்துப் பாருங்கள், அது உயிர்பெறும். இந்நான்கில் எது மிகுந்த அச்சத்தைத் தரும் என்று கேட்டால், பேசும் பொருள்தான் என்று பெரும்பாலான பிள்ளைகள் சொல்வார்கள். அதனால்தான் முதல் பத்தியிலேயே கதவு பேசிவிடுகிறது, மரம் மிரட்டிவிடுகிறது, அதன்பின் கதையில் அஞ்சுவதற்கு எதுவும் மிஞ்சுவதில்லை. உண்மையில் மிகுந்த அச்சம் தருவது கேட்கும் பொருளே. பேசுகிற சுவருக்கு நாம் பதில் சொல்லலாம், அதனோடு வாதாடவும் செய்யலாம். வாய் திறவாமல் நாம் பேசுவதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கும் சுவர் என்ன நினைக்கிறது என்பதை நம்மால் அறியவே முடியாது. எனவே முதலில் கேட்கவும் பார்க்கவும் வைத்து, பிறகு சற்றே அசையவைத்து, பிறகு ஒரு செயலைச் செய்யவைத்து, பேச்சைக் கடைசிவரை ஒத்திப்போடுமாறு பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். பேசாமலேயே முடிந்துவிட்டாலும் கதைக்கு ஒரு குறையும் வராது.

மையக்கருத்தையும் இம்முறையையும் தனித்தனிப் பாடங்களாக நடத்துவதில்தான் பெரிய பிழை நேர்கிறது என்பது என் உறுதியான எண்ணம். 'மனிதச் செயலை ஏற்றி ஐந்து வாக்கியங்கள் எழுதுக' என்று பயிற்சி கொடுத்தால், நிலா சிரிக்கும், காற்று பாடும், மரம் தலையாட்டும்; ஐந்துக்கும் ஒன்றோடொன்று தொடர்பு இருக்காது. எந்தப் பொருள் எந்தச் செயலைச் செய்ய வேண்டும் என்பதை மையக்கருத்தே முடிவுசெய்ய வேண்டும். ஒரே வீட்டை இரண்டு கதைகளில் வைத்துக் காட்டினால் இது பிள்ளைகளுக்கு உடனே விளங்கிவிடுகிறது. முதல் கதையில், ஒரு சிறுவன் தான் செய்த தவற்றைத் தம்பியின்மேல் போட்டுவிட்டு இரவில் தனியே படியேறுகிறான். அவனுடைய பயம் பொய் வெளிப்படுவதைப் பற்றியது என்பதால், வீட்டிலுள்ள பொருள்கள் எல்லாம் சாட்சிகள் ஆகின்றன. 'சாவித்துளை இமைக்காமல் அவனையே பார்த்தது. அவன் படியில் கால் வைத்ததும் கடிகாரம் எண்ணுவதை நிறுத்தியது. அவன் நின்றதும் விட்ட இடத்திலிருந்து எண்ணத் தொடங்கியது.' கதவு மெல்ல விலகி, உள்ளே அழுது ஓய்ந்து உறங்கும் தம்பியின் முகத்தைக் காட்டுகிறது. இரண்டாவது கதையில், அதே வீட்டுக்குள் மழைக்கு ஒதுங்குகிறாள் ஒரு சிறுமி. கதையின் கருத்தோ தனிமை. 'அவள் எழுந்தவுடன் நாற்காலி முனகியது. விருந்தாளியை வழியனுப்ப மனமில்லாததுபோல் கதவு நிலையை இறுகப் பற்றிக்கொண்டது.' முதல் கதையில் காட்டிக்கொடுத்த கதவு இரண்டாவதில் போகவிடாமல் கெஞ்சுகிறது. பொருள்கள் மாறவில்லை, அவை செய்யும் வினைகள் மட்டும் மாறியிருக்கின்றன. இரண்டாவது கதையின் இறுதியில் அந்தச் சிறுமி அஞ்சுவதை விட்டுவிட்டு வீட்டுக்காக இரங்கத் தொடங்குவாளேயானால், எழுதிய பிள்ளை பேய்க்கதையின் எல்லையைத் தாண்டி எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது என்றுதான் கொள்ள வேண்டும்.

நம் இலக்கியத்தில் இதற்குச் சிறந்த சான்று சிலப்பதிகாரத்தில் கிடைக்கிறது. கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகையில், மதில்மேல் பறக்கும் நெடுங்கொடிகள் 'வர வேண்டா' என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைந்தன என்கிறார் இளங்கோவடிகள். தற்குறிப்பேற்ற அணிக்கு எடுத்துக்காட்டாக எல்லாரும் படித்த இடந்தான் இது. திகில் எழுதக் கற்பிக்கும் இடமாக இதை நாம் பார்த்ததில்லை. கொடி காற்றில் அசைவது இயல்பு. அதை மீறிய எதையும் புலவர் கொடியைச் செய்யவைக்கவில்லை. இயல்பான அசைவின்மேல் ஒரு குறிப்பை மட்டும் ஏற்றுகிறார். நகருக்குள் காத்திருக்கும் அநீதியை அறிந்த நமக்கு அந்த அசைவு நடுக்கத்தைத் தருகிறது. அதை அறியாத அவ்விருவரும் நடந்துகொண்டே இருக்கிறார்கள். இதைப் படித்த பிள்ளைக்கு, பொருளின் இயல்பைக் கெடுக்காமல் அதற்குள் நோக்கத்தை வைக்க வேண்டும் என்று தனியே விளக்க வேண்டியதில்லை. கதவு கீச்சிடும், படி நெரியும், திரை அசையும், குழாய் சொட்டும். அவை ஏன் அப்படிச் செய்கின்றன என்பதற்கு மனிதக் காரணத்தைத் தருவது மட்டுமே எழுதுபவரின் வேலை.

உயர்திணை, அஃறிணை வேறுபாடு வினைமுற்றிலேயே வெளிப்படும் மொழி நம்முடையது என்பதால், வேறொரு வாய்ப்பும் நமக்கு உண்டு. 'காற்று உள்ளே வந்தது, விளக்கைப் பார்த்தது' என்று கதை முழுவதும் அஃறிணை முடிவிலேயே எழுதிவந்துவிட்டு, உச்சமான ஒரே இடத்தில் 'விளக்கருகே நின்றாள்' என்று விகுதியை மாற்றினால், எந்த அலறலும் இல்லாமலே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார். இதை ஒரு கதையில் ஒரு முறைக்குமேல் செய்யக் கூடாது என்று பிள்ளைகளைக் கட்டுப்படுத்துவதுதான் கடினம்! அதேபோல், வீட்டிலுள்ள எல்லாப் பொருள்களையும் உயிர்பெறச் செய்யாமல் இரண்டை மட்டும் தேர்ந்துகொள்ளவும், திருத்தும்போது பெயரடைகளை அடித்துவிட்டு வினைகளைக் கூர்மைப்படுத்தவும் பழக்க வேண்டும்.

கடிதம் எழுதிய அந்த வாசகரின் கவலைக்கு மீண்டும் வருகிறேன். மிகச் சிறு பிள்ளைகளிடமும், இழப்பையோ வன்முறையையோ அண்மையில் சந்தித்த பிள்ளைகளிடமும் ஆசிரியர் விழிப்போடு நடந்துகொள்ள வேண்டும். தம் சொந்தப் பயத்தை எழுதும்படி எவரையும் வற்புறுத்தக் கூடாது. எழுதியதை வகுப்பின் முன் உரக்கப் படிக்கவும் கட்டாயப்படுத்தக் கூடாது. இந்த வரம்புகளுக்குள், தனக்குள் இருக்கும் பெயரற்ற அச்சத்தை ஒரு சாவித்துளையிடமோ நாற்காலியிடமோ ஒப்படைத்து, அதை எங்கே நிறுத்த வேண்டும் என்று தானே முடிவுசெய்யும் பிள்ளையிடம் அந்த அச்சத்தைக் கையாளும் துணிவு வளர்வதையே நான் காண்கிறேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். சிறுவர் பகுதியில் இத்தகைய கதைகளை வெளியிடும்போது, அவற்றுக்குப் பேய், எலும்புக்கூடு முதலிய படங்களை வரைந்து சேர்க்க வேண்டாம். கதையில் வரும் கதவையோ கடிகாரத்தையோ உள்ளது உள்ளபடி வரைந்தால் போதும். கதையோடு, அதை எழுதிய பிள்ளை தன் கதை எந்தப் பயத்தைப் பற்றியது என்று எழுதிய ஒற்றை வாக்கியத்தையும் அடியில் அச்சிட்டால், வகுப்பில் அதை எடுத்துப் படிக்கும் ஆசிரியர்களுக்குப் பேருதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தமிழாசிரியர் ஒருவர்